கழட்டாத சீட்!

போன் அடித்தது!

மெக்கானிக் தாக் மான்-சு ஒரு காருக்கு அடியிலிருந்து நெளிந்து வெளியே வந்தான். கிரீஸ் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

“மான்-சு கார் ஷெட்டா?”

ஒரு பெண் குரல். கொஞ்சம்கூட அவசரமில்லாத குரல்.

“ஆமா, சொல்லுங்க.”

“ஒரு டிரைவர் சீட்டைக் கழட்டணும். ஏர்பேக் விளக்குக் கோளாறு.”

“கொண்டாங்க, பாத்துடலாம். என்ன வண்டி?”

“சின்ன வண்டிதான். வெள்ளை கலர். உங்களுக்குச் சிரமமே இருக்காது முதலாளி... போன வாரம் நீங்க ஏற்கெனவே கழட்டின சீட்டுதான்!”



“யா... யாரு பேசறது?”

“சாம்சோக் போலீஸ். இன்ஸ்பெக்டர் குக். வண்டியை ஏத்திட்டுக் கிளம்பிட்டேன். பத்து நிமிஷத்துல அங்க இருப்பேன். எங்கேயும் போயிடாதீங்க!”

போன் வைக்கப்பட்டது.

மான்-சு அப்படியே டயர் மேல் உட்கார்ந்தான். ஐம்பத்திரண்டு வயசு உடம்பு. முப்பது வருஷமாக வண்டிக்கு அடியில் கிடந்த உடம்பு.

ஹே-ரான் செத்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

கடற்கரைச் சாலையில், சுண்ணாம்புக் குவாரிக்குத் திரும்புகிற நாற்சந்தியில், சிக்னலை மதிக்காமல் வந்த கல் லாரி ஒன்று அவள் காரின் டிரைவர் பக்கக் கதவில் நேராக மோதியது. சீட்டுக்குள் இருக்கும் பக்கவாட்டு ஏர்பேக் விரிந்திருந்தால் ரெண்டு விலா எலும்போடு போயிருக்கும் என்றார் டாக்டர்.

விரியவில்லை!

முப்பத்தெட்டு வயசு. ஊரில் பாதிப் பொம்பளைகளுக்கு முடி சுருட்டிவிட்டவள். சாவுக்கு வந்தவர்கள் தலையெல்லாம் அவள் கைவேலைதான்.

சாவு வீட்டில் மூன்று நாளும் மான்-சு இருந்தான். வந்தவர்களுக்கு சோஜு சாராயம் ஊற்றினான். காரமான மாட்டிறைச்சி சூப்பை எடுத்து எடுத்து வைத்தான். மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கப் போகிற நேரத்தில் போலீஸ் உள்ளே வந்தது... ஹே-ரானின் புருஷன் ஓக் ஜோங்-தேயைக் கையோடு அழைத்துக்கொண்டு போனது.

கொலைக் குற்றம்!

ஜோங்-தே அப்போது திரும்பிப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

“அண்ணே... அம்மாவைப் பாத்துக்குங்க.”

அவன் மான்-சுவுக்குக் கூடப் பிறந்த தம்பி இல்லை. ஒரே பள்ளிக்கூடம், ஆறு வருஷம் இளையவன். குவாரியில் கிரஷர் ஓட்டுகிறவன். அவனுக்கு மான்-சு அண்ணன் சொன்னால் சொன்னதுதான்.

அந்த நம்பிக்கைதான் இப்போது ஜோங்-தேயின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது!

*

வண்டியை இறக்கிவிட்டு இழுவை லாரி போனது.

இன்ஸ்பெக்டர் குக் ஐம்பதை ஒட்டிய குள்ளமான பெண். ஆண்பிள்ளை கிராப். நேராக மூலையில் இருந்த வெந்நீர்க் குழாயடிக்குப் போனாள். காபிப் பொட்டலம் ஒன்றைக் கிழித்துக் காகிதக் கோப்பையில் கொட்டினாள். அந்தக் காலி உறையாலேயே கலக்கினாள். கேட்கக்கூட இல்லை!

“ஆரம்பிங்க முதலாளி.”

மான்-சு வண்டியைப் பார்த்தான். டிரைவர் பக்கக் கதவையே காணோம். தீயணைப்புக்காரர்கள் வெட்டி எடுத்திருந்தார்கள். சீட்டில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

“இதெல்லாம் உங்க ஆளுங்க பாக்கிற வேலை இல்லையா மேடம்? என்னை எதுக்கு...”

“ஏற்கெனவே கழட்டின கைக்குத்தானே சுலுவு தெரியும்?”

அவன் பானெட்டை நெம்பித் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்கினான்.

“கழட்டுங்களேன், என்ன நிக்கிறீங்க?”

“பத்து நிமிஷம் சும்மா இருக்கணும் மேடம். உள்ள மிச்சம் இருக்கிற கரண்ட் இறங்கணும். இல்லேன்னா ஏர்பேக் மூஞ்சியிலயே வெடிக்கும்.”

“அடேங்கப்பா! இவ்ளோ ஜாக்கிரதையா?” குக் காபியை உறிஞ்சினாள். “அன்னிக்கும் இப்படித்தான் பத்து நிமிஷம் காத்திருந்தீங்களா?”

“ஆ... ஆமா.”

“நல்லது. காத்திருக்கிற நேரத்துல கேஸைச் சொல்றேன், கேளுங்க.”

அவள் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தாள்.

“போன புதன்கிழமை ஏர்பேக் விளக்கு எரியுதுன்னு ஜோங்-தே வண்டியை உங்ககிட்டக் கொண்டு வந்தான். நீங்க வேலைத் தாள்ல என்ன எழுதியிருக்கீங்க? ‘டிரைவர் சீட் கழட்டப்பட்டது. அடியில் ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டர் சுத்தம் செய்து மாட்டப்பட்டது. கோளாறு இல்லை.’ கீழே உங்க கையெழுத்து. சரியா?”

“சரி.”

“சனிக்கிழமை காலையில புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை. ‘எங்கேயாவது போய்ச் செத்துத் தொலை’ன்னு அவன் கத்தினது பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கு. அவ கோபமா வண்டியை எடுத்துட்டுப் போறா. லாரி இடிக்குது. லாரி ஓட்டினவன் யாரு? ஜோங்-தே கூட வேலை பாக்கிறவன்!”

“மேடம், இந்த ஊர்ல லாரி ஓட்டறவன் எல்லாருமே குவாரிக்காரன்தான்...”

“அதை வக்கீல் சொல்லுவாரு. நீங்க கேளுங்க. புதன்கிழமை நல்லா மாட்டியிருந்த கனெக்டர், சனிக்கிழமை பிடுங்கிக் கிடக்கு. நடுவுல அந்த வண்டியைத் தொட்டது ரெண்டே பேர். ஒருத்தி செத்துட்டா.”

குக் ஒரு விரலை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

“மிச்சம் ஒருத்தன்!”

மான்-சுவுக்கு வியர்த்தது. நவம்பர் மாசக் கடல்காற்று ஷெட்டுக்குள் ஊதிக்கொண்டிருந்தது. அப்படியும் வியர்த்தது.

“அவன் என்ன சொல்றான் மேடம்?”

“அதுதான் வேடிக்கை! ‘வேலை சரியா நடக்கலையோ?’ன்னு நானே எடுத்துக் குடுத்தேன். ‘எங்கண்ணன் சீட்டைக் கழட்டிப் பாத்தேன்னு சொன்னா பாத்துட்டாருதான்’னு அடிச்சுச் சொல்றான். தன் தலைல தானே மண்ணை வாரிப் போட்டுக்கிறான், பாவி! இப்படியே போனா ஆயுசு பூரா உள்ளேதான்.”

மான்-சு தலையைக் குனிந்துகொண்டான்.

ஏனென்றால்... அவன் அந்த சீட்டைக் கழட்டவே இல்லை!

*

அந்தப் புதன்கிழமை ஜோங்-தே சொன்னது இன்னும் காதில் கேட்டது.

“நாள் பூரா ஆனாலும் பரவாயில்லைண்ணே. அவ ஓட்டற வண்டி. நல்லாப் பாத்துடுங்க.”

“சீட்டைக் கழட்டணும்டா இதுக்கு.”

“கழட்டுங்க. நான் பஸ்ல போய்க்கறேன்.”

“சரி, சாயங்காலம் வா.”

அவன் தலை மறைந்ததும் மான்-சு என்ன செய்தான்? குனிந்து, முன்பக்கமாகக் கையை விட்டு, தட்டுப்பட்ட மஞ்சள் கனெக்டரை ஒரு அமுக்கு அமுக்கினான். ஸ்கேனரைச் சொருகி, பதிந்திருந்த கோளாறு எண்ணை அழித்தான். விளக்கு அணைந்தது. மொத்தம் நாலு நிமிஷம்!

வேலைத் தாளில் மட்டும் சீட் கழன்று, துடைத்து, மாட்டி, அழகாக உட்கார்ந்திருந்தது.

இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிறதுதான். சீக்கிரம், சீக்கிரம் என்று குதிக்கிற ஊர். வாசலில் மூன்று வண்டி காத்திருக்கும்போது எவன் நாலு போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருப்பான்? விளக்கு அணைந்ததா, வண்டி கிளம்பியதா... அவ்வளவுதான்.

ஆனால் மான்-சுவுக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், பார்க்காத பிரேக்கைப் பார்த்ததாகத் தாள் எழுதி மாட்டிக்கொண்டான். எட்டு மாசச் சிறை. நீதிபதி இரக்கப்பட்டு, மூன்று வருஷம் ஒழுங்காக இருந்தால் உள்ளே போகவேண்டாம் என்று நிறுத்திவைத்தார். இன்னொரு பொய்த் தாள் வெளியே வந்தால் அந்த எட்டு மாசமும் உயிர்பெற்று எழுந்து வரும். அதோடு ஒரு பெண்ணின் சாவும் சேர்ந்தால்?

ஷெட் போகும். லைசென்ஸ் போகும். மிச்ச ஆயுசில் பாதி போகும்.

ஜோங்-தேக்கு அது தெரியும். ஊருக்கே தெரியும்.

“பத்து நிமிஷம் ஆச்சு முதலாளி!”

மான்-சு திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

*

சீட்டை முன்னால் தள்ளினான். பின்பக்கத்து ரெண்டு போல்ட். பின்னால் தள்ளினான். முன்பக்கத்து ரெண்டு போல்ட்.

ஸ்பானரை வைத்ததும் போல்ட் லேசாகச் சுழன்று வந்தது. கம்பெனியில் முடுக்கிய போல்ட் அப்படி வராது. நன்றாக அழுத்தி உதைத்தால்தான் அசையும். மான்-சு அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்!

“என்ன தெரியுது?” குக் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தாள். நடுவில் சீட் மறைத்தது.

“இருங்க மேடம்... சாய்க்கறேன்.”

சீட்டைப் பின்பக்கமாகச் சாய்த்து, அடியில் கையை விட்டான்.

மஞ்சள் கனெக்டர் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. எதிர்பார்த்ததுதான். அதன் வயரில் ஏதோ சுற்றியிருந்தது. நூல்! வெள்ளை நூல்! விரலால் தடவிக்கொண்டே பின்னால் போனான். நூலின் மறுமுனை சீட் நகரும் தண்டவாளத்தின் பின்பக்கக் கம்பியோடு சேர்ந்து எதையோ சுற்றியிருந்தது.

மரக்கட்டைபோல ஒன்று. சொரசொரப்பாக... வாலோடு!

மூக்கில் வாடை அடித்ததும் புரிந்துவிட்டது.

கருவாடு! முழுசாகக் காய்ந்த கருவாடு! உடம்பு பூராவும் வெள்ளை நூல் சுற்றிய கருவாடு!

அந்த ஊர் வழக்கப்படி புது வண்டிப் பூசையில் பன்றித் தலையை வைத்து, டயருக்கெல்லாம் அரிசிக் கள் ஊற்றி, கடைசியில் காவலுக்கென்று வண்டிக்குள் வைக்கிறார்களே, அதே கருவாடு! எல்லாரும் டிக்கியில் வைப்பார்கள். ஹே-ரானின் டிக்கி பூராவும் கடைச் சாமான். இடமில்லை. ஜோங்-தேயின் அம்மா மருமகள்மேல் வைத்த பாசத்தில், அவள் உட்கார்கிற இடத்துக்கு அடியிலேயே நூலால் கட்டி வைத்திருக்க வேண்டும்.

மான்-சுவின் மூளை மின்னல் வேகத்தில் ஓடியது.

ஜோங்-தே உயரம். அவன் ஓட்டினால் சீட் பின்னால் இருக்கும். நூல் தளர்ந்து கிடக்கும். ஹே-ரான் குள்ளம். அவள் ஏறி, சீட்டை முன்னால் இழுத்ததும் நூல் விறைத்து... கனெக்டர் பிடுங்கிக்கொள்ளும்! விளக்கு எரியும். எவ்வளவு தடவை அமுக்கி மாட்டினாலும் பிடுங்கத்தான் செய்யும்.

யாரும் கொலை செய்யவில்லை!

காப்பாற்ற வைத்த கருவாடுதான் அவளைக் கொன்றது.

ஜோங்-தே தப்பித்தான்! மான்-சுவின் நெஞ்சில் ஒரு நொடி சந்தோஷம் பொங்கியது. நிஜமான சந்தோஷம். வாயைக்கூடத் திறந்துவிட்டான்.

உடனே மூடிக்கொண்டான்.

சீட்டைக் கழட்டியிருந்தால் இந்தக் கருவாட்டைப் பார்க்காமல் இருந்திருக்க முடியுமா? குருடன்கூட வாடையிலேயே கண்டுபிடித்திருப்பானே! கருவாடு வெளியே வந்தால் ஜோங்-தே வெளியே வருவான்... மான்-சு உள்ளே போவான்!

“என்ன முதலாளி, சத்தத்தையே காணோம்?”

“ஒ... ஒண்ணுமில்ல மேடம். ஒரே அழுக்கு.”

அவன் கை தானாக வேலை செய்தது. கட்டிங் பிளேயர். டக்! நூல் அறுந்தது.

“என்ன அது டக்குனு?”

“கிளிப் மேடம். வயரைப் பிடிச்சிருக்கிற கிளிப்.”

மேலங்கியின் ஜிப்பைப் பாதி இறக்கினான். கருவாட்டை உள்ளே திணித்து, வயிற்றோடு சேர்த்து வைத்து, ஜிப்பை ஏற்றினான். மிச்ச நூலைச் சுருட்டிக் கையுறைக்குள் செருகினான்.

தம்பி, மன்னிச்சுடுடா... என்று மனசு சொன்னது.

கை மட்டும் நடுங்காமல் வேலையை முடித்தது.

*

“வந்து பாருங்க மேடம்.”

குக் சுற்றி வந்தாள். குனிந்தாள். தொங்குகிற கனெக்டரைப் பார்த்தாள்.

“தானா கழண்டதா? கையால பிடுங்கினதா?”

“இதுக்குப் பூட்டு இருக்கு மேடம். தானா கழலாது.”

“அப்போ கையால பிடுங்கினதுதான்?”

“...அப்படித்தான் இருக்கணும்.”

“வேற எதாவது இருந்துச்சா அடியில? காசு, ஹேர்பின், பொம்மை... எதாவது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இல்லை மேடம்.”

“நல்லாத் தடவிப் பாத்தீங்களா?”

“பாத்தேன். ஒண்ணுமே இல்லை.”

குக் அவனையே பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

“உட்காருங்க. பாத்ததை உங்க கைப்பட எழுதிக் குடுங்க.”

மான்-சு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தான். குனிய முடியவில்லை! கருவாட்டின் வால் தொப்புளுக்குக் கீழே குத்தியது. தலை நெஞ்செலும்பில் முட்டியது. நிமிர்ந்தபடியே, தாளை எட்டத்தில் வைத்து, மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக எழுதினான்.

“என்ன முதலாளி, நெட்டுக்குத்தலா உட்கார்ந்திருக்கீங்க?”

“இடுப்புப் பிடிப்பு மேடம்.”

“ஐயோ பாவம். கருவாட்டு சூப் குடிங்க, கேக்கும்.”

பேனா நின்றது!

“எ... என்ன சூப்?”

“கருவாட்டு சூப். எங்க வீட்டுக்காரருக்கு எல்லாத்துக்கும் அதுதான். குடிச்ச மறுநாளுக்கும் அதுதான், இடுப்புக்கும் அதுதான். எழுதுங்க, எழுதுங்க.”

சும்மாதான் சொன்னாளோ? அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவன் எழுதினான்.

‘கனெக்டரை யாரோ கையால் பிடுங்கியிருக்கிறார்கள். சீட்டுக்கு அடியில் வேறு எதுவும் இல்லை. புதன்கிழமை நான் சீட்டைக் கழட்டிப் பார்த்தபோதும் எதுவும் இல்லை.’

குக் சிவப்பு மைப் பெட்டியைத் திறந்து நீட்டினாள். அவன் கட்டைவிரலை அழுத்தி, தாளில் உருட்டினான்.

“இதோட ஜோங்-தே கதை முடிஞ்சுது. தெரியுமில்ல?” என்றாள் குக்.

“ம்.”

“இன்னும் மை காயல முதலாளி. கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதணும்னா... வேற தாள் தரேன். என்கிட்ட நிறைய தாள் இருக்கு.”

மான்-சு தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். சாவு வீட்டு வாசலில் திரும்பிப் பார்த்த அந்த முகம் ஒரு தடவை வந்து போனது. எட்டு மாசம் வந்து போனது. அதற்கு மேல் எத்தனை வருஷமோ, அதுவும் வந்தது... போகவில்லை.

“வேணாம் மேடம். எழுதினது எழுதினதுதான்.”

குக் தாளை எடுத்து ஊதினாள். மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“சரி. இப்போ அந்தக் கருவாட்டை எடுங்க.”

*



“எ... எந்தக் கருவாடு?”

“உங்க வயித்துல இருக்கிறது. தின்னது இல்ல, திணிச்சது!”

குக் எழுந்து வந்து, ஜிப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கருவாடு மேஜைமேல் ‘டொக்’கென்று விழுந்தது.

“மேடம்... மேடம்... நான் சொல்றதைக் கேளுங்க... இது... தடயம் கெடக்கூடாதுன்னு பத்திரமா...”

“தடயமா? இதுவா?” குக் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பில் சந்தோஷமே இல்லை. “இது இன்னிக்குக் காலையில நான் சந்தைல வாங்கி, அதே மாதிரி கட்டி வச்சது!”

“என்னது?!”

“அசல் கருவாடு ஆய்வுக்கூடத்துல இருக்கு. முந்தாநாளே எங்க ஆளுங்க சீட்டைக் கழட்டிட்டாங்க. போல்ட்ல கம்பெனிக்காரன் வச்ச பெயிண்ட்டுப் பொட்டு நாலும் அப்படியே இருந்துச்சு. அதுவரைக்கும் ஒருத்தனும் ஸ்பானரே வைக்கல! உங்க தாள் பொய்னு அப்பவே தெரிஞ்சுது. வண்டியோட மூளை, அதான் உள்ள இருக்கிற கம்ப்யூட்டர், இன்னொண்ணும் சொல்லிச்சு. உங்க ஷெட்டை விட்டுப் போய்ப் பதினோராவது கிலோமீட்டர்ல விளக்கு திரும்ப எரிஞ்சிருக்கு.”

மான்-சு நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

“லாரிக்காரன்?”

“இருபது மணி நேரம் தூங்காம ஓட்டினவன். கண்ணசந்துட்டான். எல்லாம் முந்தாநாளே தெளிவாயிடுச்சு. ஜோங்-தேயை நேத்தே விட்டாச்சு.”

“அப்புறம் எதுக்கு... எதுக்கு இந்த நாடகம்?”

குக் வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

“வாப்பா உள்ள!”

ஜோங்-தே உள்ளே வந்தான்.

சாவு வீட்டில் போட்டிருந்த அதே கறுப்புக் கோட்டு. ஐந்து நாள் தாடி. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“தம்பி...”

“அந்தப் புதன்கிழமை ராத்திரி உங்களுக்குப் போன் பண்ணினேன்.” ஜோங்-தேயின் குரல் தேய்ந்துபோயிருந்தது. “விளக்கு மறுபடி எரியுதுண்ணேன்னு சொன்னேன். ‘ரெண்டு நாள் எரியும், தானா அணையும்டா’ன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?”

“தம்பி, நான் வந்து...”

“அதை நான் போலீஸ்ல சொல்லல. சொன்னா நான் அப்பவே வெளிய வந்திருப்பேன். ஆனா அந்தப் பழைய எட்டு மாசத்தோட உங்களைச் சேத்து உள்ள போடுவாங்களேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். என் பொண்டாட்டிக்குக் கொள்ளி வைக்கக்கூடப் போகாம இருந்தேண்ணே!”

மான்-சு தரையைப் பார்த்தான்.

“மேடம் நேத்து எல்லாத்தையும் சொன்னாங்க. சீட்டைக் கழட்டவே இல்லைன்னு. நான் அழல. கோபம்கூடப் படல. அவசரத்துல விட்டுட்டாரு, எல்லாரும் பண்றதுதானேன்னேன். அண்ணன்கிட்ட அந்தக் கருவாட்டைக் காட்டினா, என்னைக் காப்பாத்த அவரே உண்மையைச் சொல்லிடுவாருன்னு சொன்னேன். இவங்க நம்பல.”

“பந்தயம் கட்டினோம்,” என்றாள் குக். “உண்மையைச் சொன்னா, சோம்பேறித்தனத்துக்கு மட்டும் கேஸ் போடறேன், நீதிபதிகிட்ட நானே ரெண்டு வார்த்தை பேசறேன்னு சொன்னேன். மூணு தடவை கேட்டேன் முதலாளி. நாலாவது தடவை தாளைக் கிழிக்கச் சொன்னேன்.”

“ஜோங்-தே... பயந்துட்டேன்டா... பயத்துல...”

“அவ செத்ததுக்கு உங்களை மன்னிச்சிருப்பேண்ணே.” ஜோங்-தேயின் கண் நிறைந்து வழிந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. “நிஜமா மன்னிச்சிருப்பேன். ஆனா நான் கொலைகாரன் இல்லைன்னு கையில பிடிச்சுப் பாத்துட்டு, அதை வயித்துல சொருகிக்கிட்டு, நான்தான் பிடுங்கினேன்னு எழுதிக் குடுத்தீங்களே... அதை எப்படி மன்னிக்கிறது? நீங்களே சொல்லுங்க.”

ஜோங்-தே மேஜைமேல் கிடந்த கருவாட்டைப் பார்த்தான்.

“அம்மா நேத்துலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவ்வளவு நல்ல கருவாடாப் பாத்து வச்சேனே, ஏன் அவளைக் காப்பாத்தலைன்னு. கெட்டுப்போனதைக் குடுத்துட்டான்னு கருவாட்டுக் கடைக்காரன்கிட்டச் சண்டைக்கே போயிட்டாங்க. அந்த நூல்தான் கனெக்டரைப் பிடுங்கிச்சுன்னு நான் சொல்லப்போறதில்லை. யாரும் சொல்லக்கூடாது.”

“பின்ன... என்ன சொல்லுவே?”

“மெக்கானிக் சரியாப் பாக்கலைன்னு சொல்லுவேன். அது பொய் இல்லையே!”

ஜோங்-தே வெளியே நடந்தான். வாசலில் அவன் திரும்பிப் பார்ப்பான் என்று மான்-சு காத்திருந்தான்.

அவன் திரும்பவில்லை.

*

குக் போலீஸ் காரின் பின்கதவைத் திறந்துவிட்டாள். மான்-சு ஏறி உட்கார்ந்தான். இப்போது நன்றாகக் குனிய முடிந்தது. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதான்.

“எத்தனை வருஷம் மேடம்?”

“நான் நீதிபதி இல்லையே. பழைய எட்டு மாசம் கட்டாயம். பொய்த் தாள் ரெண்டு. ஒரு உயிர். ஒரு கருவாடு. கூட்டிப் பாருங்க.”

அவள் முன்னால் ஏறி வண்டியைக் கிளப்பினாள். குறுகலான துறைமுகச் சாலை. எதிரே வரிசையாகக் கல் லாரிகள். ஒவ்வொன்றும் உரசிக்கொண்டு போகிற மாதிரி போனது.

மான்-சு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். பழக்க தோஷம்... பார்வை நேராக டாஷ்போர்டுக்குப் போனது.

சிவப்பாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது!

“மேடம்! உங்க வண்டில ஏர்பேக் விளக்கு எரியுது!”

“தெரியும்.”

“தெரியுமா? இதோட ஓட்டக்கூடாது மேடம்! ஓரமா நிறுத்துங்க... ஐயோ, லாரி வருது மேடம்!”

குக் ஸ்டியரிங்கை லேசாக ஒடித்தாள். லாரி உறுமிக்கொண்டு கடந்து போனது. கண்ணாடியில் அவனைப் பார்த்துச் சிரித்தபடி ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள்.

“பயப்படாம உட்காருங்க முதலாளி... சீட்டைக் கழட்டி முழுசாச் சரி பண்ணியாச்சுன்னு உங்களை மாதிரியே ஒரு நல்ல மனுஷன் எழுதிக் குடுத்திருக்காரு!”